மெட்டுக்காரி பெயிண்ட் அடித்த குளிர்காலம்

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் டிங்டாங் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலிங்பெல் கம்பெனியின் விளம்பரத்துக்கு அவள் போட்ட மெட்டு அப்படித்தான் தொடங்கும். மெட்டு ஊரெல்லாம் பரவியது, பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷமாக சோப்பு, பிஸ்கட், குடை, மின்விசிறி, இன்ஷூரன்ஸ், மூட்டுவலித் தைலம் என்று மனிதனுக்கு வேண்டியது வேண்டாதது அத்தனைக்கும் மெட்டுப் போட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பார்த்தால், "பாட்டுப் போடறியாமே, சினிமாவுக்கா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "இல்ல, சோப்புக்கு" என்பாள். அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாக இருக்கும்.

வேலை பிடித்த வேலைதான். இரண்டாவது மாடியில் ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கச் சத்தம் உறிஞ்சும் பஞ்சு, ஒரு கீபோர்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன நாற்காலி. பக்கத்துக் கட்டடத்தில் பல் டாக்டர். பஞ்சையும் மீறி அவருடைய மெஷின் சத்தம் உள்ளே வரும். அது எந்தச் சுருதியில் கத்துகிறது என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

முன்பெல்லாம் ஒரு விளம்பரத்துக்கு ஒரு மெட்டுக் கேட்டார்கள். பிறகு மூன்று கேட்டார்கள். அப்புறம், சாயங்காலத்துக்குள் மூன்று கேட்டார்கள். கொடுத்தால், "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா வேணும்" என்பார்கள். சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தால், "சந்தோஷம் ஜாஸ்தியாயிடுச்சு, லேசா குறைச்சுக்கலாமா?" என்பார்கள். அவளும் உப்புப் போடுகிற மாதிரி கூட்டியும் குறைத்தும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வருஷக் கடைசியில் குழந்தை சோப்பு ஒன்று வந்தது. பெரிய கம்பெனி. கூட்டத்துக்குச் சேர்மனே வந்திருந்தார். வயதானவர், வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். டிங்டாங் தன் மெட்டைப் போட்டுக் காட்டினாள். மேனேஜர்கள் விரலால் மேஜையில் தாளம் போட்டார்கள். "பிரமாதம் மேடம், முதல் தடவை கேக்கும்போதே மனசுல உக்காந்துடுச்சு" என்றார் ஒருவர்.

சேர்மன் கண்ணைத் திறந்தார். "உக்காராம என்ன செய்யும்? இது எலி மருந்துப் பாட்டுல்ல?"

யாரோ செல்போனில் தேடிப் போட்டுக் காட்டினார்கள். சந்தேகமே இல்லை. போன வருஷம் எலி மருந்துக்கு அவளே போட்ட மெட்டு, கொஞ்சம் வேகம் குறைத்து, மணிச் சத்தம் சேர்த்து, குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சேர்மன்தான் அதிகமாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அங்கே சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிலிருந்து எதுவுமே வரவில்லை. கீபோர்டில் விரலை வைப்பாள். நாலு சுரம் வரும். உடனே, இது குடை, இது பிஸ்கட், இது யாரோ ஒருவருடையது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டில் ருசி இல்லை. யாராவது ஸ்பூனால் டம்ளரைத் தட்டினால் எரிந்து விழுந்தாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எங்கயாவது போய்ட்டு வாயேன்."

"எங்க போறது? வேலை கிடக்கு."

"வேலைதான் வரலையே. வராத வேலைக்கு எதுக்குக் காவல் இருக்கே?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொல்கிறார் என்றும் பட்டது. ஸ்டூடியோ முதலாளியிடம் தயங்கித் தயங்கி லீவு கேட்டாள். அவர் மறுப்பார் என்று நினைத்தாள். "போய்ட்டு வாம்மா. இப்படியே இருந்தா அடுத்தது பால் பவுடருக்குக் கரப்பான்பூச்சி மருந்துப் பாட்டு வந்து நிக்கும்" என்றார் அவர். கிண்டல்தான், ஆனாலும் லீவு லீவுதானே.

வீட்டுக்காரரால் உடன் வர முடியவில்லை. குளிர்காலத்தில்தான் லிஃப்டுகளுக்கு நோய்நொடி அதிகம். "அக்காகிட்ட கேட்டிருக்கேன்" என்றார்.

"ஐயோ, அக்காவா?" என்றாள் டிங்டாங். அவருடைய அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். தனி ஆள், எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். நல்ல மனுஷிதான், ஆனால் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அக்கா மறுநாளே வந்துவிட்டார். "என்கிட்ட படிச்ச ஆளு ஒருத்தர் மலைமேல ஏரிக்கரையில ஹோட்டல் வெச்சிருக்காரு. குளிர்காலத்துல ஈ காக்கா வராது. பின்னாடி தனியா ஒரு சின்ன வீடு இருக்கு, சும்மாதான் பூட்டிக் கிடக்கு. கெளம்பு."

"படிச்ச ஆளுன்னா, நல்லா ஓட்டுவாராக்கா?"

"அஞ்சு தடவை ஃபெயிலு. இன்னிக்கு வரைக்கும் சைக்கிள்தான். மனுஷன் தங்கம்."

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிளம்பினார்கள். முன்னால் ஒரு எல் போர்டு, பின்னால் ஒரு எல் போர்டு. அதைப் பார்த்ததும் மற்ற வண்டிகள் எல்லாம் பயந்து ஒதுங்கி வழிவிட்டன. லாரிகள்கூட. "பாத்தியா, ராஜா போற மாதிரி போறோம்" என்றார் அக்கா. பல வாரங்களுக்குப் பிறகு டிங்டாங் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

ஏரி பெரியது, சாம்பல் நிறம். கரையோரம் தண்ணீர் கண்ணாடித் தகடு போல உறைந்திருந்தது. கோடைக்காலத்துக் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. படகுகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஹோட்டல்காரர் கம்பளித் தொப்பியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வரவேற்றார். ஐம்பது வயது ஆள், அக்காவைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

முதல் சில நாள் நன்றாக இல்லை. அமைதி என்று நினைத்து வந்த இடத்தில் அவள் காது சும்மா இருக்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஒரு சுருதியில் இழுத்தது. குழாய் சொட்டியது. சொட்டுக்குச் சொட்டு இடைவெளியை அவள் மனசு அளந்தது, அளந்த கையோடு அதற்கு ஒரு பிஸ்கட்டைச் சேர்த்தது. அக்கா விடுகிற குறட்டைக்கு வேறு தாளம் இருந்தது.

அக்காவோ அவளைக் குணப்படுத்தாமல் ஊர் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் நடை, பிறகு மூச்சுப் பயிற்சி, பிறகு சூப், பிறகு மறுபடியும் நடை. ஏரிக்கரையில் பக்கத்திலேயே நடந்துவந்தபடி உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார்.

"தோளை இறக்கு. எதுக்கு இப்படித் தூக்கிக்கிட்டே நடக்கற? மெதுவா. மூச்சை இழு. இழுத்துட்டு விடணும், அப்படியே வெச்சிருக்கக் கூடாது. ரிலாக்ஸ் ஆகு!"

"ஆயிட்டுத்தான்க்கா இருக்கேன்."

"எங்க ஆகற? முகத்தைப் பாரு, இஞ்சி தின்ன மாதிரி."

டிங்டாங் நின்றுவிட்டாள். "அக்கா, நான் உங்க ஸ்டூடன்ட் இல்ல. நான் எங்க போனாலும் நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்குல கால வெச்சுக்கிட்டே வர்றீங்க. என்னால முடியல. தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று தெரிந்தது. அக்கா திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போய், அந்தக் குளிரில், யாரும் கேட்காமல் காரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கார். டிங்டாங் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பொறுக்க முடியாமல், ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் துடைத்தாள்.

வண்டியின் கூரைக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது, அவருக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில். "முப்பது வருஷமா இதே சீட்டு. அடுத்தவங்க எங்க கொண்டுபோய் மோதப் போறாங்கன்னு பாத்துப் பாத்து, யாரைப் பாத்தாலும் இப்ப அப்படித்தான் தோணுது. என் தம்பி போன்ல அழுதான், தெரியுமா? உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான்."

டிங்டாங்குக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அழுது அவள் பார்த்ததே இல்லை. கதவைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"சாரிக்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும். அந்தக் கண்ணாடிய நல்லா அழுத்தித் துடை" என்றார் அக்கா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அந்தச் சின்ன வீட்டின் ஹீட்டர் கண்ணை மூடிவிட்டது. ஹோட்டல்காரர் வந்து தட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கையை விரித்தார். "ஹோட்டலுக்கே வந்துடுங்க டீச்சர். கீழ் மாடியில ஹீட்டர் ஓடுது. பெயிண்ட் வாசனை மட்டும் கொஞ்சம் இருக்கும்."

ஹோட்டல் முழுக்க ஏணியும் டப்பாவுமாகக் கிடந்தது. வசந்தகாலத்துக்குள் எல்லா அறைகளுக்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும். வழக்கமாக வருகிற பெயிண்டர் முதுகுவலி என்று படுத்துவிட்டதால், ஹோட்டல்காரர் தானே அடித்துக்கொண்டிருந்தார். அவர் வண்டி ஓட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று டிங்டாங்குக்குத் தோன்றியது. கீழேயிருந்து மேலே அடித்தார். மேலே அடித்தது வழிந்து கீழே அடித்ததைக் கெடுத்தது. திரும்பக் கீழே வந்தார். மறுநாள் காலை முழுக்க ஒரே சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

டீ டம்ளரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிங்டாங், டம்ளரைக் கீழே வைத்தாள். "குடுங்க இங்க" என்று ரோலரை வாங்கினாள்.

"வேணாம் மேடம், நீங்க ஓய்வெடுக்க வந்தவங்க."

"அதுக்குத்தான் கேக்கறேன். குடுங்க."

அவள் இதற்கு முன் சுவருக்குப் பெயிண்ட் அடித்ததில்லை. ரோலரைத் தோய்த்து, வழித்து, மேலேயிருந்து கீழே இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். பழைய மங்கல் நிறத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேருகிற இடத்தில் கோடு தெரியாமல் லேசாக ஓட்டினாள். மூன்றாவது பட்டை முடிந்தபோது அவள் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. மத்தியானம் அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோது ஒரு சுவர் முழுக்க முடிந்திருந்தது. கை வலித்தது. மூக்கின் மேல் பெயிண்ட்.

ஹோட்டல்காரர் சுவரைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த சுவருக்குப் போய்விட்டார்.

டிங்டாங் அங்கேயே நின்றாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக அடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேறு இரண்டு சுவர் அடித்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லவில்லை. சுவர் முடிந்துவிட்டது. முடிந்தது முடிந்ததுதான். ஒரு வேலை இப்படி முழுசாக முடிந்து எவ்வளவு காலமாயிற்று! அன்று மூன்று ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டாள். படுத்ததுதான் தெரியும். அக்காவின் குறட்டைக்குத் தாளம் போட ஆள் இல்லை.

அதன் பிறகு தினமும் அதே வேலை. ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி அடைப்பது, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது, தூசி தட்டுவது, முதல் கோட், இரண்டாவது கோட். அக்கா ஜன்னல் சட்டங்களை எடுத்துக்கொண்டார். நுணுக்கமான வேலை, வாயைத் திறந்தால் கை நடுங்கும், ஆகவே வாயைத் திறக்காமலே செய்தார். ஹோட்டல்காரர் கலவை கலக்கினார், டீ போட்டார், சூப் வைத்தார். சூப் அவருக்கு நன்றாக வந்தது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை, யாரும் எங்கேயும் போகவில்லை. டிங்டாங்கின் காதுக்குள் இருந்த கடைத்தெரு ஒவ்வொரு கடையாக ஷட்டரை இறக்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் குழாய் சொட்டுவது வெறும் குழாய் சொட்டுவதாக இருந்தது. அவள் போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

வீட்டுக்காரரிடம் போனில் பேசியபோது, "என்ன பண்றே?" என்றார்.

"பெயிண்ட் அடிக்கறேன்."

"ஓவியமா?"

"இல்லங்க. சுவரு. வெள்ளை."

"நல்லாருக்கியா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கேன்ங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். அவர் அழுததைப் பற்றிக் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அதை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மாடிப்படிச் சுவரில் பாதி முடித்திருந்த ஒரு மத்தியானம் ஸ்டூடியோ முதலாளி கூப்பிட்டார். மாடி ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் வரும், போன் அங்கேதான் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, பெயிண்ட் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா. அந்தக் குழந்தை சோப்பு உயிரை எடுக்குது. வேற ஆளுங்க நாலு பேரு போட்டுப் பாத்தாச்சு. சேர்மனுக்கு எதுவும் புடிக்கல. எல்லாத்துக்கும் எலி மருந்துங்கறாரு. நீ ஒரே ஒரு மெட்டு, சும்மா வாயால பாடி அனுப்பினாக்கூடப் போதும்."

"சார், நான் லீவுல இருக்கேன்."

"தெரியும்மா. இருந்தாலும்..."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அடித்த பாதி காய ஆரம்பித்திருந்தது. இப்போது போகாவிட்டால் சேருகிற இடத்தில் கோடு விழும். எரிச்சல் வந்தது.

"எதுக்கு சார் மெட்டு? குழந்தை குளிக்குது. அதுல பாட்டு எங்க வந்துச்சு? தண்ணி ஊத்தற சத்தம் இருக்கு. குழந்தை சிரிக்கிற சத்தம் இருக்கு. கையால தண்ணிய அடிக்கும் பாருங்க, சளக்குன்னு, அது இருக்கு. அதை மட்டும் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணுங்க. கடைசியில சோப்புப் பேரைச் சொல்லிட்டுப் பேசாம இருங்க. சுவரு காயுது, நான் வெக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். மேல் மூலைக்குப் போனபோதுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ரோலர் கையில் அப்படியே நின்றது. கீழே ஜன்னல் சட்டத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, மறுபடியும் வேலையா?"

"இல்லக்கா. வேலை வேணாம்னு சொன்னேன். ஆனா அதுவே வேலையாயிடுச்சு போல."

"புரியற மாதிரி சொல்லு."

சொன்னாள். அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "என் தம்பி சின்னதுல குளிக்கறப்போ அப்படித்தான் அடிப்பான். அடுப்பு வரைக்கும் தெறிக்கும்" என்றார். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு டிங்டாங் மீதிச் சுவரை அடித்தாள்.

முதலாளி மறுநாளே கூப்பிட்டுவிட்டார். ஸ்டூடியோ சவுண்ட் இன்ஜினியருக்கு ஏழு மாதக் குழந்தை இருந்தது. வீட்டு பாத்ரூமிலேயே மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். சேர்மன் கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னாராம். "மெட்டே போடாம ஒரு விளம்பரத்தை முடிச்சுட்டியேம்மா. எனக்குப் பயமா இருக்கு, எல்லாரும் இப்படிக் கேக்க ஆரம்பிச்சா நம்ம பொழப்பு என்னாகறது?" என்றார் முதலாளி. குரலில் பயம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் வந்துவிடுகிறாயா என்று கேட்டார். மூன்றாவது மாடி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

முடித்துவிட்டுத்தான் வந்தாள். கிளம்புகிற அன்று ஹோட்டல்காரர் கோடையில் வந்து சும்மா தங்கச் சொன்னார். "கோடையில கூட்டமா இருக்குமே" என்றாள். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். அக்கா அவரைக் கட்டாயப்படுத்தி ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, ஹோட்டல் வாசலிலிருந்து ஏரி வளைவு வரை ஓட்டச் சொன்னார். அவர் ஓட்டினார். எதிலும் மோதவில்லை. இறங்கும்போது நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. "ஆறாவது தடவை டெஸ்டுக்குப் போங்க" என்றார் அக்கா. "சைக்கிளே நல்லாருக்கு டீச்சர்" என்றார் அவர்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் மாயமாக மாறிவிடவில்லை. முதல் வாரம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தபோது விரல் தயங்கத்தான் செய்தது. பல் டாக்டர் மெஷின் அதே சுருதியில் கத்தியது. ஆனால் எரிச்சல் வரவில்லை. யாரோ பாவம், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் கம்பெனி ஒன்று, நிறுத்தத்தின் பெயர் சொல்லும் அறிவிப்புக்கு முன்னால் வருகிற சின்ன மெட்டு கேட்டிருந்தது. மூன்று நாள் எதுவும் வரவில்லை. நாலாவது நாள் ஐந்து சுரம் வந்தது. குடையா, பிஸ்கட்டா என்று உள்ளே இருந்த குரல் கேட்டது. இரண்டும் இல்லை. புதுசு.

மற்ற இரண்டு எங்கே என்று பஸ் கம்பெனிக்காரர் கேட்டார்.

"மத்த ரெண்டு இல்ல சார். இது ஒண்ணுதான் வந்துச்சு."

அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷமாக இப்படிச் சொல்லியிருக்கலாமோ என்று டிங்டாங் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரு வேலைக்கு ஒரு மெட்டுதான் கொடுக்கிறாள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். பலர் போகவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வீட்டுக்காரரும் அவளும் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அவர் அழுததைப் பற்றி அங்கேதான் ஒரு நாள் கேட்டாள். "ஜலதோஷம்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் அவரும் மழுப்பவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காய்கறி வாங்கப் பஸ்ஸில் போனபோது, முதன்முதலாக அந்த ஐந்து சுரத்தைப் பொது இடத்தில் கேட்டாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்னாலும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சலித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு இதையே போட்டுக் காதைத் துளைக்கறானுங்க?"

"ஆமாங்க, பெரிய தொல்லை" என்றாள் டிங்டாங். பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தம் எப்போது வரும் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனாள்.